13 என்ற எண்ணும் கிழிந்த பரோட்டாவும்: ஒரு நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூரின் வடக்கே, உணவுத் தயாரிப்புக் கூடங்கள் மாடிக்கு மாடி அடுக்கியிருக்கும் தொழிற்பேட்டைக் கட்டடம் ஒன்றில், இரண்டு தலைமுறையாகப் பரோட்டா செய்துவரும் ஒரு குடும்பத்தின் கூடம் உள்ளது. அவர்கள் சரக்கு காப்பிக்கடைகளுக்கு உருண்டையாகவும், மளிகைக் கடைகளுக்கு உறையவைத்த தட்டையாகவும் போகிறது. சென்ற ஆண்டின் நடுவில் புதிய பரோட்டா ஒன்றைக் கொண்டுவர முயன்று, மூன்று வாரம் தொடர்ந்து தோற்றபின், தானியப் புரதங்களை ஆய்வு செய்பவள் என்ற முறையில் என்னை அழைத்தார்கள். அடுத்த ஆறு வாரங்களில் நான் அங்கே பார்த்தவை, தவறாகக் கணித்தவை, பிறகு சோதித்து உறுதிசெய்தவை ஆகியவற்றை இங்கே எழுதுகிறேன். கூடத்தின் பெயரும் மாவு விற்றவர்களின் பெயரும் இதற்குத் தேவையில்லை.

புதிய பரோட்டாவின் பின்னணி எளிது. 2016இல் சிங்கப்பூர் அரசு நீரிழிவு நோய்க்கு எதிரான போரை அறிவித்தது முதல், முழுத்தானிய உணவைப் பற்றிய பேச்சு காப்பிக்கடை வரை வந்துவிட்டது. உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் இளையர்களோ எந்த உறையை எடுத்தாலும் புரதம் எத்தனை கிராம் என்று பார்க்கிறார்கள். ஆகவே முதலாளியின் மகன், முழுக்கோதுமையும் மிகுந்த புரதமும் ஒரே பரோட்டாவில் இருக்கவேண்டும் என்று முடிவுசெய்தார். வழக்கமான மைதாவுக்குப் பதிலாக, தரவுத்தாளில் புரதம் 13 விழுக்காடு என்று போட்டிருந்த ரொட்டி மாவை வாங்கினார். அதில் 30 விழுக்காட்டுக்குக் கல்லில் அரைத்த ஆட்டா மாவைச் சேர்த்தார். அதற்கும் மேலே, மொத்த மாவில் 4 விழுக்காடு உலர்ந்த கோதுமைக் குளூட்டன் தூளையும் போட்டார். தண்ணீரை மட்டும் பழைய அளவிலேயே, அதாவது 100 பங்கு மாவுக்கு 52 பங்காகவே, வைத்திருந்தார். மூன்று மாற்றங்களை ஒரே நாளில் செய்ததுதான் இந்த வழக்கை இத்தனை சிக்கலாக்கியது.

அங்கே மாவு வீசுபவர் கடையநல்லூர்க்காரர். இந்த ஊரில் பரோட்டாத் தொழிலுக்கு வந்து முப்பது ஆண்டு ஆகிறது. எல்லோரும் அவரை மாஸ்டர் பாய் என்றே அழைப்பார்கள். முதல் நாள் என்னிடம் அவர் சொன்ன புகார், பிறகு நான் படித்த எந்தக் கருவியின் வரைபடத்தைவிடவும் துல்லியமாக இருந்தது. “ஏம்மா, இந்த மாவு பிசைஞ்ச அன்னிக்கு அடம் பிடிக்குது. விரிச்சா சுருங்கிப் போவுது. மறுநாள் எடுத்தா சவசவன்னு கிழியுது. ஒரே மாவு ரெண்டு குணம் காட்டுமா?”

காட்டும் என்பதுதான் விடை. ஆனால் அதைச் சொல்ல எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

பரோட்டா மாவின் இழுவை எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடவேண்டும். கோதுமை மாவைப் பிசைந்து, அந்த உருண்டையைத் தண்ணீருக்கடியில் பிசைந்துகொண்டே இருந்தால், மாவுச்சத்து பாலாகக் கரைந்து போய், கையில் சவ்வு மிட்டாய் போல ஒரு கட்டி மிஞ்சும். இத்தாலியின் போலோனியா நகரத்தைச் சேர்ந்த யாக்கோப்போ பெக்காரி இதை 1728இல் எடுத்துரைத்தார். 1745இல் அது அச்சானது. அதுவரை விலங்கிலிருந்து மட்டுமே கிடைக்கும் என்று எண்ணிய ஒரு பொருள் தானியத்திலும் இருப்பதை அந்தக் கட்டி காட்டியது. அதுவே குளூட்டன். அமெரிக்காவின் கனெக்டிகட் வேளாண் ஆய்வு நிலையத்தில் தாமஸ் ஆஸ்பர்ன் 1907இல் வெளியிட்ட நூலில், கோதுமைப் புரதங்களை அவை எதில் கரைகின்றன என்பதைக் கொண்டு வகுத்தார்: தண்ணீரில் கரைவது, உப்புநீரில் கரைவது, ஆல்கஹால் கலந்த நீரில் கரைவது, நீர்த்த அமிலத்திலோ காரத்திலோ மட்டும் கரைவது. கடைசி இரண்டும்தான் நமக்கு வேண்டியவை. கிளையடின் என்பது வழிந்து நீளும் இயல்புடையது. குளூட்டெனின் என்பது கந்தக அணுக்கள் இரண்டு சேர்ந்து கட்டும் டைசல்பைடு பிணைப்புகளால் நீண்ட சங்கிலியாகி, இழுத்தால் திரும்பச் சுருங்கும் இயல்புடையது. முன்னது மட்டும் இருந்தால் மாவு கூழாக வழியும். பின்னது மட்டும் இருந்தால் ரப்பராகும். மேசையில் அடித்து, காற்றில் வீசி, காகிதம் போல விரிக்கும் ஒரு பண்டத்துக்கு இரண்டும் ஒரு கணக்கோடு இருக்கவேண்டும். அரிசியிலும் கேழ்வரகிலும் புரதம் உண்டு என்றாலும் இந்த இரட்டையின் வலை அவற்றில் உருவாவதில்லை. அவற்றைக் கொண்டு தோசை வார்க்கலாம், அடை தட்டலாம், பரோட்டா வீசமுடியாது.

என் முதல் கணிப்பு இந்தப் பாடத்திலிருந்தே வந்தது, தவறாகவும் போனது. 13 விழுக்காட்டு மாவு என்றால் குளூட்டெனின் மிகுந்த வலுவான மாவு, அதனால்தான் சுருங்குகிறது என்று நினைத்தேன். பழைய மைதாவின் உறையில் 10.5 என்று இருந்தது. இரண்டிலும் 100 கிராம் எடுத்து, கூடத்தின் பாத்திரம் கழுவும் தொட்டியிலேயே கையால் கழுவினோம். பழைய மாவில் ஈரக் குளூட்டன் 27 கிராம் கிடைத்தது. புதியதில் 35 கிராமாவது வரும் என்று எதிர்பார்த்தேன், கிடைத்தது 29. கழுவியதில் பிழை என்று எண்ணி மறுபடி செய்தேன், எடை நகரவில்லை.

பிறகுதான் தரவுத்தாளைப் பொறுமையாகப் படித்தேன். 13 என்ற எண்ணுக்குக் கீழே, சிறிய எழுத்தில், உலர்நிலைக் கணக்கு என்று இருந்தது. மாவில் இயல்பாக இருக்கும் ஈரத்தை நீக்கிவிட்டுச் சொன்ன எண் அது. 14 விழுக்காடு ஈரத்தோடு கணக்கிட்டால் அதே மாவின் புரதம் 11.2தான். பழைய மைதாவின் 10.5 ஈரத்தோடு சொன்ன எண். இரண்டு கடைக்காரர்கள் இரண்டு படியால் அளந்திருக்கிறார்கள். வாங்கியவர் இரண்டையும் ஒரே படி என்று எண்ணி, கூடுதல் விலையும் கொடுத்திருக்கிறார். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. “13 போட்டிருக்கே அக்கா” என்று முதலாளியின் மகன் திரும்பத் திரும்பச் சொன்னார். போட்டிருந்தது உண்மைதான்.

எண்ணைப் பற்றி இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். புரத அளவு என்று நாம் படிப்பது பெரும்பாலும் புரதத்தை நேராக அளந்த அளவே அன்று. கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் யோஹான் கியெல்டால் 1883இல் வகுத்த முறையும், அதற்குப் பின் வந்த எரிப்பு முறையும் நைட்ரஜனைத்தான் அளக்கின்றன. அந்த நைட்ரஜனை ஓர் எண்ணால் பெருக்கிப் புரதம் என்கிறோம். பொதுவான பெருக்கெண் 6.25, கோதுமை மாவுக்குரியது 5.7. நைட்ரஜன் 2.08 விழுக்காடு இருக்கும் மாவை முதல் எண்ணால் பெருக்கினால் புரதம் 13.0, இரண்டாவதால் பெருக்கினால் 11.9. கூடத்தார் தங்கள் புதிய பரோட்டாவைச் சோதனைக்கு அனுப்பிப் பெற்ற அறிக்கை 6.25ஐக் கொண்டு கணக்கிட்டிருந்தது. அது வழக்கில் உள்ள முறைதான். ஆனால் அந்த அறிக்கையை மாவு மூட்டையின் எண்ணோடு ஒப்பிட்டு, எங்கள் செய்முறையில் புரதம் கூடிவிட்டது என்று அவர்கள் மகிழ்ந்ததற்கு அடிப்படை இல்லை. அளவுகோலின் இந்தக் கண்மறைவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2007இல் வட அமெரிக்காவில் வளர்ப்பு விலங்குகள் இறந்த நிகழ்வே சான்று. சீனாவிலிருந்து கோதுமைக் குளூட்டன் என்ற பெயரில் வந்த சரக்கு, மெலமின் கலந்த வெறும் கோதுமை மாவு என்று பிறகு தெரிந்தது. மெலமினின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். சோதனைக் குழாய்க்கு அது உயர்தரப் புரதமாகத்தான் தெரிந்திருக்கும்.

மாவின் வலு காரணமில்லை என்று ஆனபின், ஆட்டாவின் தவிட்டின் மேல் என் சந்தேகம் போனது. தவிட்டுத் துணுக்குகள் குளூட்டன் படலத்தைக் குத்திக் கிழிக்கும் என்பது பாடநூல்களில் உள்ளதுதான். ஒரு வாரம் முழுக்க ஆட்டாவைச் சலித்துச் சலித்துச் சோதித்தோம். கிழிசல் சற்றுக் குறைந்ததே தவிர நிற்கவில்லை. சுருங்குவதோ அப்படியே இருந்தது. அந்த வாரத்தைச் செலவழித்ததற்கு நான்தான் பொறுப்பு. மூன்று மாற்றங்களையும் பிரித்து, ஒவ்வொன்றாகச் சேர்த்து நான்கு கலவைகளைப் பிசைந்து பார்த்திருந்தால் இரண்டே நாளில் வழி தெரிந்திருக்கும். அதைப் பிறகு செய்தோம்: மாவு மட்டும் மாறியது, ஆட்டா மட்டும் சேர்ந்தது, குளூட்டன் மட்டும் சேர்ந்தது, மூன்றும் சேர்ந்தது. முதலாவது ஏறக்குறைய பழைய பரோட்டாவைப் போலவே வந்தது. மூன்றாவதுதான் அடம்பிடித்தது. இரண்டாவது மறுநாள் தளர்ந்தது. நான்காவது, பாய் சொன்னபடி, இரண்டு குணமும் காட்டியது.

காரணம் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு புதன்கிழமை காலை. மூன்றாவது கலவையின் உருண்டை ஒன்றைப் பாய் எண்ணெய்த் தட்டிலிருந்து எடுத்து, உள்ளங்கையால் தட்டி, மேசையில் இரண்டு முறை வீசினார். விரிந்த படலத்தைச் சுருட்டுவதற்கு முன் அப்படியே இரண்டு கையாலும் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். தலைக்கு மேலே இருந்த குழல்விளக்கின் வெளிச்சம் படலத்தின் வழியே வந்தது. பழைய மாவில் அது சீரான வெண்மையாக, ஈரத்துணி போல இருக்கும். இதில் கடுகளவு மஞ்சள் புள்ளிகள் பத்துப் பதினைந்து தெரிந்தன. ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் படலம் சற்று மெலிந்து, வட்டமாக ஒளி கூடியிருந்தது. பாய் பிடியை அரை அங்குலம் விலக்கினார். ஒரு புள்ளியின் ஓரத்தில் ஓட்டை விழுந்து, அங்கிருந்து கிழிசல் அடுத்த புள்ளிக்கு ஓடியது. ஒரு புள்ளியை நகத்தால் பெயர்த்து விரலில் நசுக்கினேன். வெளியே வழவழப்பு, உள்ளே காய்ந்த தூள்.

குளூட்டன் தூளின் இயல்பே அதுதான். கோதுமையிலிருந்து மாவுச்சத்தைப் பிரிக்கும் ஆலைகள், கழுவிக் கிடைத்த குளூட்டனை அதிகச் சூடு படாமல் உலர்த்தித் தூளாக்குகின்றன. தண்ணீர் பட்ட கணத்தில் அது மறுபடி குளூட்டனாகிவிடும். கூடத்தில் தூளைத் தனியாக, தண்ணீர் ஊற்றியபின், ஓடிக்கொண்டிருந்த பிசையும் இயந்திரத்தில் கொட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு சிறு கொத்தும் மேலே நனைந்து தோல் கட்டிக்கொண்டு, உள்ளே தண்ணீரை விடவில்லை. உலர்ந்த மாவோடு முதலிலேயே கலந்திருந்தால் இது நடந்திருக்காது.

கட்டிகளை நீக்கியும் சுருக்கம் முழுவதும் போகவில்லை. அதற்குக் காரணம் தண்ணீர். குளூட்டன் தூள் தன் எடையைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நீரைப் பிடித்துக்கொள்ளும்; 4 பங்கு தூள் 6 பங்கு நீரை எடுத்துக்கொண்டது. கல்லில் அரைத்த ஆட்டாவில் தவிடும், அரைபட்டு உடைந்த மாவுச்சத்தும் மிகுதி. இரண்டும் தண்ணீர் குடிப்பவை. வீட்டில் சப்பாத்திக்கு மாவு பிசையும் எவரும் இதைக் கைப்பழக்கத்தில் அறிவார். மைதாவுக்கு ஊற்றுவதைவிட ஆட்டாவுக்குக் கூடுதலாக ஊற்றுவோம். பரோட்டாக் கூடத்திலோ தண்ணீர் குழாயில் அளவு வைத்து வருகிறது, கை அதைத் தொடுவதில்லை. பிசையும்போது மாவு காட்டும் எதிர்ப்பை அளக்கும் ஃபாரினோகிராஃப் கருவியில், ஆய்வகத்தில் வைத்தபோது, மாவு வழக்கமான இளக்கத்தைக் குறிக்கும் 500 கோட்டுக்கு இறங்க, அவர்கள் ஊற்றியதைவிட நிறையத் தண்ணீர் கேட்டது. இழுவையை அளக்கும் எக்ஸ்டென்சோகிராஃபில் மாவை 45, 90, 135 நிமிடம் ஊறவைத்து இழுப்பார்கள். பழைய மாவின் துண்டு நீளமாக இழுபட்டு மெதுவாக அறுந்தது. இந்த மாவிலோ 135 நிமிடத்திலும் வரைகோடு உயரமாக எழும்பியது, துண்டு சட்டென்று அறுந்தது. பாய் அடம் என்ற ஒரு சொல்லில் அடக்கியது இதைத்தான்.

மறுநாள் கிழிவது வேறு கதை, வேறு காரணம். ஆட்டாவில் கோதுமையின் முளைப்பகுதியும் அரைபட்டிருக்கும். முளையில் குளுட்டதயோன் என்ற சிறு மூலக்கூறு மிகுதி. குளூட்டெனின் சங்கிலிகளைக் கட்டி நிறுத்தும் டைசல்பைடு பிணைப்பில் அது தன்னை நுழைத்துக்கொண்டு சங்கிலியைத் துண்டாக்குகிறது. இரண்டு மணி நேரத்தில் இது பெரிதாகத் தெரியாது. பன்னிரண்டு மணி நேரம் குளிர்ப்பெட்டியில் எண்ணெயில் கிடக்கும் உருண்டையில் நன்றாகவே தெரியும். ஆட்டாவைப் பாதியாக்கி, மீதியை உலர்வாகச் சற்று வறுத்துச் சேர்த்தபோது மறுநாள் தளர்ச்சி குறைந்தது. அது முளையின் மேலிருந்த என் சந்தேகத்துக்கு வலு சேர்த்தது. வறுத்த ஆட்டாவின் மணம் நன்றாக இருந்தது என்று கூடத்தில் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் நாளொன்றுக்கு அத்தனை மாவை வறுக்க அவர்களிடம் வசதி இல்லை, அதை விட்டுவிட்டோம்.

இத்தனைக்கும் பிறகு முதலாளியிடம் நான் கேட்ட கேள்வி, குளூட்டன் தூள் எதற்கு என்பதே. இழுவைக்காக அன்று, பழைய மைதாவில் இழுவை போதுமானதாகவே இருந்தது. உறையில் அச்சிடும் எண்ணுக்காகத்தான் சேர்த்தார்கள். அந்த எண் உண்பவருக்கு என்ன தருகிறது என்று பார்த்தால் கணக்கு இன்னும் மெலிகிறது. தானியப் புரதங்களில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. குளூட்டனில் மிகக் குறைவு. ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பும் உலகச் சுகாதார நிறுவனமும் 1991இல் பரிந்துரைத்த, செரிமானத்தையும் அமினோ அமிலங்களையும் சேர்த்துக் கணிக்கும் மதிப்பீட்டில், பாலுக்கும் முட்டைக்கும் 1 என்றால், கோதுமைக் குளூட்டனுக்கு 0.25 அளவே கிடைக்கிறது. அதாவது குளூட்டனால் உறையில் கூட்டிய புரதத்தில் உடல் தன் கட்டுமானத்துக்கு முழுமையாகப் பயன்படுத்தக்கூடியது ஏறத்தாழ கால் பங்கு. இதே பரோட்டாவோடு காப்பிக்கடையில் இலவசமாக ஊற்றித் தரும் பருப்புக் குழம்பில் லைசின் தாராளம். பருப்பில் குறைவான மெத்தியோனின் கோதுமையில் இருக்கிறது. அரிசியும் உளுந்தும் சேர்ந்த இட்லியின் கணக்கும் இதுவே. ஊட்டச்சத்துப் பட்டியல் உறைக்குள் இருப்பதை மட்டும் பார்க்கிறது. தட்டில் அருகே இருக்கும் குழம்பு அதற்குத் தெரியாது.

குளூட்டன் தூளை நான் வேண்டாத பொருளாகக் காட்டுவதாக எண்ணவேண்டாம். சீனச் சைவக் கடைகளில் மியென் ஜின் என்ற பெயரில் தலைமுறைகளாகச் சமைப்பது இதுதான்; லிட்டில் இந்தியாவின் கடைகளில் உறைபெட்டியில் கிடைக்கும் சைவ ஆட்டிறைச்சியில் சோயாவோடு பெரும்பாலும் இதுவும் இருக்கும்; நார் நாராகப் பிரியும் அந்த மெல்லும் தன்மையை வேறு தாவரப் புரதம் எளிதில் தருவதில்லை. வலுக்குறைந்த மாவைக் கொண்டு ரொட்டி சுடுபவர்களுக்கும் அது கைகொடுக்கும். பிற தானியப் புரதங்களுக்கும் அவற்றுக்குரிய இடம் உண்டு: மக்காச்சோளத்தின் சீன் என்ற புரதம் தண்ணீரில் கரையாமல் மெல்லிய படலமாகக் காய்வதால் மாத்திரைகளுக்கும் மிட்டாய்களுக்கும் மேற்பூச்சாகிறது. ஒவ்வொரு புரதமும் எதில் கரைகிறது, எதோடு பிணைகிறது என்பதுதான் அதன் வேலையைத் தீர்மானிக்கிறது. எத்தனை விழுக்காடு என்பது அதற்கு அடுத்தபடி.

முடிவில் செய்த மாற்றங்கள் சிறியவை. புதிய ரொட்டி மாவை நிறுத்திப் பழைய மைதாவுக்கே திரும்பினார்கள். குளூட்டன் தூள் நீங்கியது. ஆட்டா 20 விழுக்காடாகக் குறைந்தது. அதை முதலில் அதற்குரிய தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, பிறகு மைதாவோடு சேர்த்துப் பிசைகிறார்கள். மொத்த நீர் 52இலிருந்து 55 ஆனது. உருண்டைகள் இரவு முழுவதும் கிடப்பதற்குப் பதில் ஆறு மணி நேரத்துக்குள் வீசப்படுகின்றன. உறையில் புரதம் மிகுந்தது என்ற சொல் எடுக்கப்பட்டது. அதில் முதலாளியின் மகனுக்கு வருத்தம்தான், நான் மறைக்கவில்லை. கோதுமை இருப்பதை ஒவ்வாமைக்காக உறையில் சொல்வது இங்கே சட்டப்படி கட்டாயம் என்பதால் அந்த வரி அப்படியே இருக்கிறது.

தீராத ஒன்றும் உண்டு. உறையவைத்த தட்டைகள் இரண்டு மாதம் கடந்தால், சுடும்போது அடுக்குகள் முன்போல உதிர்வதில்லை. பனித்துகள் குளூட்டன் வலையை மெல்ல மெல்லக் குலைப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். மைதா மட்டும் உள்ள தட்டையிலும் அது உண்டு, ஆட்டா உள்ளதில் சற்று முன்னதாக வருகிறது. இப்போதைக்கு விற்பனைக் காலத்தைக் குறைத்திருக்கிறார்கள்.

போன வாரம் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது கூடத்தில் எட்டிப்பார்த்தேன். புதிய மூட்டை வந்த ஒவ்வொரு முறையும் மாஸ்டர் பாய் தொட்டியில் 100 கிராம் கழுவி, எடை போட்டு, சுவரில் தொங்கும் நோட்டில் எழுதுகிறார். எடைக்குப் பக்கத்தில் அவர் வைத்திருக்கும் கட்டத்தில் மூன்று சொற்களில் ஒன்று வரும்: இழுக்குது, அடம், சவசவ. அன்று காலை வந்த மூட்டைக்கு எடை 27, பக்கத்தில் அடம் என்று இருந்தது. “எடை அதேதாம்மா, ஆனா இது வேற கோதுமை” என்றார். உருண்டைகளை ஒரு மணி நேரம் கூடுதலாக ஊறப்போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்.